ஓடும் ரயிலுக்கு ஒரு பந்து!

'மால்குடி' என்ற ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எந்த வரைபடத்தில் தேடினாலும் அது கிடைக்காது. எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் தன் கதைகளுக்காகக் கற்பனையில் கட்டிய ஊர் அது. அவருடைய பெயரின் தொடக்கத்தில் ஓர் 'ஆர்' இருக்கிறதே, அது எந்த ஊர் தெரியுமா? நம்ம ராசிபுரம்தான்! நெய்க்குப் பேர் போன அதே ராசிபுரம்!

மால்குடி என்ற ஊர் அவருடைய மனதில் முதன்முதலில் ஒரு சின்ன ரயில் நிலையமாகத்தான் தோன்றியதாம். 1935-ஆம் ஆண்டு வெளியான அவருடைய முதல் நாவலிலேயே மால்குடிக்கு ரயில் வந்துவிட்டது. ஆனால் நிஜமான ராசிபுரத்துக்கு ரயில் எப்போது வந்தது தெரியுமா? 2013-ஆம் ஆண்டு மே மாதம்! சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூர் வரை சுமார் 85 கிலோமீட்டருக்குப் புதிய பாதை போட்டு, பயணிகள் ரயிலை ஓட விட்டார்கள். கற்பனை ஊருக்கு ரயில் வந்து 78 ஆண்டுகள் கழித்து, நிஜ ஊருக்கு ரயில் வந்தது. வேடிக்கையாக இல்லை?

அந்தப் பாதையை ஒற்றைப் பாதையாகத்தான் அமைத்தார்கள். ஒரே ஜோடித் தண்டவாளம். சேலத்திலிருந்து வரும் ரயிலும் அதில்தான் வரவேண்டும். கரூரிலிருந்து போகும் ரயிலும் அதில்தான் போகவேண்டும். ஒற்றைப் பாதையில் பயணம் செய்திருந்தால் இப்படி ஒரு பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்கும்:

''ஏங்ப்பா, வண்டி இங்க வந்து நின்னுடுச்சு?''

''கிராசிங் கண்ணு! எதிர்வண்டி வந்து தாண்டிப் போகோணும். அப்புறந்தான் நம்ம வண்டி கிளம்பும்.''

கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தண்டவாளத்தில் 'தடதட'வென்று எதிர்வண்டி வரும். அது போனதும் நம் வண்டி கிளம்பும். அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் இந்த 'அவ்வளவுதானே'வுக்குப் பின்னால் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. முன்னால் பாதை காலியாக இருக்கிறது என்று டிரைவருக்கு யார் சொல்வது? எப்படிச் சொல்வது? அவர் அதை எப்படி நம்புவது?

பேருந்தில் எதிரே வண்டி வந்தால் டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்து ஒதுங்கிவிடலாம். ரயில் ஒதுங்க முடியாது. சட்டென்று நிற்கவும் முடியாது. முழு வேகத்தில் ஓடும் கனமான ரயில் பிரேக் போட்ட பிறகும் ஒரு கிலோமீட்டர் வரை கூட ஓடித்தான் நிற்கும். எதிர்வண்டியைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பிரேக் போட்டால், பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். அதனால் செய்தி முன்கூட்டியே டிரைவர் கையில் இருக்க வேண்டும்.

செல்போனும் வாக்கிடாக்கியும் இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள்? அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கடைசி சீட்டில் உட்கார்ந்த டிரைவர்

முதலில் அமெரிக்காவுக்குப் போவோம். ஆண்டு 1851. அங்கே ஈரி ரயில்வே என்று ஒரு கம்பெனி. அதன் மேலதிகாரி சார்லஸ் மைனாட் ஒரு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு நிலையத்தில் ரயில் நின்றது. எதிரே வரவேண்டிய ரயில் வரவில்லை. காத்திருந்தார்கள், காத்திருந்தார்கள், அது வருவதாகவே தெரியவில்லை. அந்தக் காலத்து விதிப்படி, எதிர்வண்டி வரும்வரை இவர்கள் நகரக் கூடாது.

மைனாட்டுக்குப் பொறுமை போய்விட்டது. பாதையோரம் புதிதாகத் தந்திக் கம்பி போட்டிருந்தார்கள். அதன் வழியே அடுத்த நிலையத்துக்குத் தந்தி கொடுத்தார். ''எதிர்வண்டி அங்கே வந்தால் நிறுத்தி வையுங்கள். நாங்கள் வருகிறோம்'' என்பது செய்தி. சரி என்று பதில் வந்தது. டிரைவரிடம், ''வண்டியை எடு'' என்றார்.

டிரைவர் மறுத்துவிட்டார்! கம்பியில் வந்த 'டக் டக்' சத்தத்தை நம்பி உயிரைப் பணயம் வைக்க அவர் தயாராக இல்லை. கடைசியில் மைனாட்டே எஞ்சினை ஓட்டினார். டிரைவர் என்ன செய்தார் தெரியுமா? மோதினால் அடி குறைவாகப் படும் என்று கடைசிப் பெட்டியில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்!

மோதல் எதுவும் நடக்கவில்லை. ரயில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு தந்தி மூலம் ரயில்களுக்குக் கட்டளை அனுப்பும் பழக்கம் அமெரிக்கா முழுவதும் பரவியது.

கம்பில் கட்டிய கடிதம்

தந்தி நிலையத்துக்கு வந்துவிடும், சரி. நிற்காமல் ஓடும் ரயிலுக்கு அதை எப்படிக் கொடுப்பது? ஒவ்வொரு நிலையத்திலும் ரயிலை நிறுத்தினால் நேரமும் போகும், நிலக்கரியும் வீணாகும்.

இதற்கு ஓர் எளிய கருவி கண்டுபிடித்தார்கள். நீண்ட கைப்பிடி வைத்த மர வளையம். தந்தி ஊழியர் கட்டளையை மெல்லிய காகிதத்தில் எழுதி, அந்த வளையத்தில் செருகி, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கையை உயர்த்திக்கொண்டு நிற்பார். எஞ்சினில் இருப்பவர் வெளியே சாய்ந்து, கையை வளையத்துக்குள் நுழைத்துத் தூக்கிக்கொள்வார். காகிதத்தை உருவி எடுத்துவிட்டு, வளையத்தை வெளியே வீசிவிடுவார். அதே ரயிலின் கடைசியில் இருக்கும் கார்டுக்கும் இன்னொரு வளையத்தில் ஒரு நகல் போகும்.

வீசிய வளையம் எங்கே போய் விழும்? ரயில் போன வேகத்தைப் பொறுத்து ரொம்ப தூரம் தள்ளிக்கூட விழும். தந்தி ஊழியர் நடந்துபோய்த் தேடி எடுத்து வரவேண்டும். மழையிலும் பனியிலும் இதே வேலைதான். அலுத்துப் போன யாரோ ஒருவர் யோசித்திருக்க வேண்டும். பிறகு கவட்டை போன்ற கம்பு வந்தது. நம்ம ஊரில் குருவி விரட்டும் உண்டிவில்லின் கவட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு கிளைகளுக்கும் நடுவே ஒரு நூலைக் கட்டி, நூலில் காகிதத்தை முடிந்துவிடுவார்கள். எஞ்சினில் இருப்பவர் நூலை மட்டும் கையால் வாரிக்கொள்வார். கம்பு ஊழியர் கையிலேயே இருக்கும். நடக்கும் வேலை மிச்சம்!

ஆக, செய்தி அனுப்பக் கம்பி வந்தது. செய்தியைக் கொடுக்கக் கம்பு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. அந்தச் செய்தியே தவறாக இருந்தால் என்ன செய்வது?

ஒரு மழை இரவு

1874-ஆம் ஆண்டு செப்டம்பர் 10. இங்கிலாந்தில் நார்விச் நகரம். இரவு நேரம், மழை. நார்விச்சிலிருந்து ஓர் எக்ஸ்பிரஸ் ரயில் கிளம்ப வேண்டும். எதிர்த்திசையில் பிரண்டால் என்ற சிறிய நிலையத்திலிருந்து ஒரு மெயில் வண்டி வரவேண்டும். நடுவில் ஒற்றைப் பாதை.

எக்ஸ்பிரஸ் தாமதம். அதனால் முதலில் மெயிலை வரச் சொல்லலாமா என்ற யோசனை வந்தது. 'மெயிலை அனுப்பு' என்று ஒரு செய்தி எழுதப்பட்டது. அதில் அதிகாரியின் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாத செய்தியை அனுப்பக் கூடாது என்பது விதி. ஆனால் அது தந்தியில் போய்விட்டது. அந்தச் செய்தி போனது தெரியாமல் இந்தப் பக்கம் எக்ஸ்பிரஸையும் கிளப்பிவிட்டார்கள்!

சிறிது நேரத்தில் தவறு தெரிந்தது. பதறிப்போய், மெயிலை நிறுத்தச் சொல்லி மறுபடியும் தந்தி அடித்தார்கள். பிரண்டாலிலிருந்து பதில் வந்தது: மெயில் கிளம்பிவிட்டது.

யோசித்துப் பாருங்கள் குட்டீஸ். இரண்டு ரயில்களும் ஒன்றை நோக்கி ஒன்று ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டு நிலையங்களிலும் இருப்பவர்களுக்கு என்ன நடக்கப் போகிறது என்று தெரியும். ஆனால் ரயிலில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் சொல்ல ஒரு வழியும் இல்லை. தந்திக் கம்பி தண்டவாளத்தை ஒட்டியே ஓடுகிறது. ஆனால் ஓடும் எஞ்சினுக்குள் அது போகவில்லையே!

தோர்ப் என்ற இடத்தருகே இரண்டு ரயில்களும் நேருக்கு நேர் மோதின. 25 பேர் இறந்துபோனார்கள்.

அங்கே தந்திக் கருவி பழுதாகவில்லை. சொன்னதைச் சரியாகவே கொண்டுபோய்ச் சேர்த்தது. மனிதர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். சொல் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்குப் போகலாம். ஆளுக்கு ஒரு விதமாகக் காதில் விழலாம். இதுதான் பிரச்னை.

ஒரே ஒரு குச்சி

அப்படியானால் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்க முடியாதது எது? ஒரு பொருள்!

உங்கள் வீட்டருகே சாலை வேலை நடக்கும்போது பாதிச் சாலையை அடைத்திருப்பார்கள். மீதிப் பாதியில் ஒரு பக்கத்து வண்டிகள் போனபிறகுதான் மறுபக்கத்து வண்டிகள் வரமுடியும். இரண்டு முனையிலும் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. என்ன செய்யலாம்? இந்தப் பக்கத்துக் கடைசி வண்டிக்காரரிடம் ஒரு கொடியைக் கொடுத்து அனுப்பினால் போதும். அந்தக் கொடி மறுமுனைக்கு வந்து சேர்ந்துவிட்டால், பாதை காலி என்று அர்த்தம்.

இதே யோசனை ரயில்காரர்களுக்கும் வந்தது. இரண்டு நிலையங்களுக்கு நடுவே உள்ள பாதைக்கு ஒரே ஒரு குச்சி. குச்சி கையில் உள்ள டிரைவர் மட்டுமே அந்தப் பாதையில் ரயிலை ஓட்டலாம். குச்சி ஒன்றுதான் இருப்பதால், இரண்டு ரயில்கள் எதிரெதிரே வரவே முடியாது. எவ்வளவு எளிமை!

ஆனால் ஒரு சிக்கல். ஒரே திசையில் அடுத்தடுத்து இரண்டு ரயில்கள் போகவேண்டி இருந்தால்? முதல் ரயில் குச்சியை மறுமுனைக்குக் கொண்டுபோய்விடும். இரண்டாவது ரயில் இங்கே குச்சி இல்லாமல் விழித்துக்கொண்டு நிற்கும். அப்போது யாராவது நடந்தோ, குதிரையில் ஏறியோ போய்க் குச்சியைத் திரும்ப எடுத்து வரவேண்டும்!

தோர்ப் விபத்துக்குப் பிறகு எட்வர்டு டயர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதற்கு விடை கண்டார். ஒரு குச்சிக்குப் பதிலாகப் பல வட்டத் தகடுகள். இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு பெட்டி. தகடுகள் பெட்டிகளுக்குள் பூட்டப்பட்டிருக்கும். இரண்டு பெட்டிகளையும் மின்கம்பி இணைக்கும். எந்தப் பெட்டியிலிருந்தாவது ஒரு தகட்டை வெளியே எடுத்துவிட்டால், இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தகடு ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும்வரை இன்னொரு தகடு வெளியே வராது. தகடுகள் பல இருந்தாலும், வெளியே இருப்பது எப்போதும் ஒன்றுதான்! கம்பியின் வேகமும் குச்சியின் உறுதியும் ஒன்று சேர்ந்துவிட்டன, பார்த்தீர்களா?

பந்து உருண்டு வந்தது

நம் நாட்டில் இந்த முறையின் இன்னொரு வடிவம் மிகவும் பரவலாக இருந்தது. அதில் தகடுக்குப் பதிலாக உலோகப் பந்து. 'நீல்ஸ் பால் டோக்கன்' என்று பெயர். தமிழகத்தில் மீட்டர் கேஜ் ரயில்கள் ஓடிய பல ஒற்றைப் பாதைகளில் இந்தப் பந்துகள்தான் ரயில்களைக் காப்பாற்றின.

இது எப்படி வேலை செய்யும்? ராசிபுரம் பாதை புதியது. அது வந்தபோது பந்துகளின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஆனாலும் எளிதாகப் புரிவதற்காக, ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் பந்துக் கருவி இருப்பதாகவும், நடுவில் வேறு நிலையமே இல்லை என்றும் கற்பனை செய்துகொள்வோம்.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல்லுக்கு ஒரு ரயில் போகவேண்டும். ராசிபுரம் ஸ்டேஷன் மாஸ்டர் தன் கருவியில் மணி அடிப்பார். நாமக்கல்லில் 'டிங்' என்று கேட்கும். ''லைன் கிளியர் கொடுக்கிறீர்களா?'' என்று கேட்பார். நாமக்கல் ஸ்டேஷன் மாஸ்டர் பாதை காலியா என்று பார்ப்பார். காலி என்றால் சம்மதம் சொல்லித் தன் கருவியை இயக்குவார். அவர் இயக்கினால்தான் ராசிபுரத்துக் கருவி திறக்கும். ஒரு பந்து உருண்டு வெளியே வரும். நாமக்கல்காரர் சம்மதிக்காவிட்டால் ராசிபுரத்துக்காரர் என்னதான் திருகினாலும் பந்து வராது!

பந்தின் மேல் எந்த இரண்டு நிலையங்களுக்கு இடையே அது செல்லும் என்று பொறித்திருப்பார்கள். டிரைவர் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். வேறு பிரிவின் பந்தை வாங்கிக்கொண்டு போய்விடக் கூடாதல்லவா? ஒரு பிரிவின் பந்து பக்கத்துப் பிரிவின் கருவிக்குள் நுழையாதபடியும் செய்திருந்தார்கள்.

ரயில் நாமக்கல் போய்ச் சேர்ந்ததும் பந்தை அங்கே உள்ள கருவிக்குள் போடுவார்கள். ஆனால் உடனே போட்டுவிட மாட்டார்கள். முதலில் கடைசிப் பெட்டி வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்களே, கடைசிப் பெட்டியின் பின்னால் பெரிய பெருக்கல் குறியும், 'எல்.வி.' என்ற எழுத்துப் பலகையும் இருக்கும். 'இதுதான் கடைசி வண்டி' என்று அர்த்தம். அது வராவிட்டால், ஏதோ ஒரு பெட்டி கழன்று நடுவழியில் நிற்கலாம். பாதை காலி இல்லை!

பிடி... விடாதே!

இப்போது மிகவும் சுவாரசியமான பகுதி. நிலையத்தில் நிற்காத ரயிலுக்குப் பந்தை எப்படிக் கொடுப்பது?

பந்தை ஒரு தோல் பையில் போட்டுக் கட்டுவார்கள். அந்தப் பையைப் பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டுவார்கள். தோளில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குப் பெரிய வளையம். ரயில்வே ஊழியர் ஒருவர் பிளாட்பாரத்தில் நின்று வளையத்தை உயர்த்திப் பிடிப்பார். எஞ்சினின் வாசலில் நிற்பவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை மடக்கி வெளியே நீட்டுவார். முதலில் முந்தைய பிரிவின் பந்து இருக்கும் பழைய வளையத்தைப் போட்டுவிடுவார். அடுத்த நொடி புது வளையம் அவர் கையில் 'சடக்'கென்று மாட்டிக்கொள்ளும்.

ஒரு கணக்குப் போடுவோமா? ரயில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அப்படியென்றால் ஒரு நொடிக்கு 10 மீட்டர். ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குதான்! கண் இமைக்கும் நேரத்தில் வளையம் கை மாற வேண்டும். உலோகப் பந்தின் கனத்தோடு வளையம் வந்து கையில் அடிக்கும். வளையத்தைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தாலும் தவறிவிடும். ரொம்ப நெருங்கி நின்றால் ஊழியருக்கே ஆபத்து. அதனால் வளையம் மாற்றும் இடத்தில் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள்.

இதை இரவிலும் செய்யவேண்டும். கொட்டும் மழையிலும் செய்யவேண்டும். விளக்கு வெளிச்சத்தில் வளையத்தைக் காட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். நீராவி எஞ்சின் புகையும் பொறியும் கக்கிக்கொண்டு அவரை உரசுவதுபோலக் கடந்து போகும். ரயிலுக்குள் நூற்றுக்கணக்கானோர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். வெளியே ஒருவர் நின்று தங்களைப் பத்திரமாக அனுப்பி வைத்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

வளையம் தவறி விழுந்துவிட்டால்? ரயிலை நிறுத்தத்தான் வேண்டும். யாராவது இறங்கிப் போய் அதை எடுத்து வரவேண்டும். 'முன்னால் பாதை காலியாகத்தான் இருக்கும், போய்விடலாம்' என்று டிரைவர் நினைக்கவே கூடாது. பத்து நிமிடம் தாமதமானாலும் சரி, பயணிகள் கோபப்பட்டாலும் சரி, பந்து கையில் இல்லாமல் சக்கரம் உருளக் கூடாது.

பந்துக் கருவி இல்லாத இடங்களிலும், கருவி பழுதான சமயங்களிலும் 'லைன் கிளியர்' சீட்டை எழுதிக் கொடுப்பார்கள். காகிதம்தானே என்று அதில் கவனக்குறைவாக இருக்க முடியாது. ஸ்டேஷன் மாஸ்டரின் கையெழுத்து உண்டா, ரயில் எண் சரியா என்றெல்லாம் டிரைவர் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தோர்ப்பில் கையெழுத்து இல்லாமல் போன அந்தச் செய்தி நினைவுக்கு வருகிறதா?

பட்டாசும் பேசும்

நிலையத்தில் பந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டோம். நடுவழியில் திடீரென்று மரம் விழுந்துவிட்டால்? அல்லது முன்னால் போன ரயிலே தடம் புரண்டு நின்றுவிட்டால்? ஓடிவரும் ரயிலுக்கு எப்படிச் சொல்வது?

பகலில் சிவப்புக் கொடி. இரவில் சிவப்பு விளக்கு. பனிமூட்டத்தில் இரண்டுமே தெரியாதே! அதற்கு ஒரு பட்டாசு இருக்கிறது. தட்டையான சின்ன டப்பா போல இருக்கும் இதற்கு 'டெட்டனேட்டர்' என்று பெயர். தண்டவாளத்தின் மேல் இதைக் கட்டிவைத்தால், எஞ்சின் சக்கரம் ஏறியதும் 'டமார்' என்று வெடிக்கும். ரயிலுக்குச் சேதம் ஆகாது. ஆனால் டிரைவர் காதில் நன்றாகக் கேட்கும்.

நம் ரயில்வே விதிப்படி, அகலப் பாதையில் தடங்கல் இருக்கும் இடத்திலிருந்து 600 மீட்டர் தள்ளி ஒன்றும், 1,200 மீட்டர் தள்ளி மூன்றும் வைப்பார்கள். அந்த மூன்றும் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் இருக்கும். ஏன் அவ்வளவு தூரம் தள்ளி என்று இப்போது உங்களுக்கே தெரியும். ரயில் நிற்க இடம் வேண்டுமே!

வளையங்கள் எங்கே போயின?

மீட்டர் கேஜ் பாதைகள் அகலப் பாதைகளாக மாறின. இரட்டைப் பாதைகளும் மின்சார சிக்னல்களும் வந்தன. தண்டவாளத்தின் பக்கத்தில் பொருத்திய கருவிகள் ரயிலின் அச்சுகளை எண்ணுகின்றன. உள்ளே போன அச்சுகள் எத்தனை, வெளியே வந்த அச்சுகள் எத்தனை என்று பார்த்து, இரண்டும் சமமாக இருந்தால்தான் பாதை காலி என்று ஒப்புக்கொள்கின்றன. கடைசிப் பெட்டியைப் பார்க்கும் வேலையைக் கருவியே செய்கிறது! டிரைவர்களிடம் வாக்கிடாக்கி இருக்கிறது. ஆபத்து என்றால் தானாகவே பிரேக் போடும் 'கவச்' என்ற முறையையும் இந்திய ரயில்வே படிப்படியாக அமைத்து வருகிறது.

ஆனாலும் பழைய வளையங்கள் சில இடங்களில் நீண்ட காலம் நீடித்தன. 1903-ல் தொடங்கிய கால்கா - சிம்லா மலை ரயிலில் பந்து டோக்கன் முறை இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. இலங்கையில் நானுஓயா, எல்ல வழியாகப் பதுளை போகும் மலைப் பாதையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மலையகத் தமிழர்கள் வாழும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அது வளைந்து வளைந்து போகும். அங்கேயும் எட்வர்டு டயரின் தகடுகளைப் போட்ட வளையங்கள் இந்த நூற்றாண்டிலும் கைமாறின. அதைப் படம் எடுக்க வெளிநாட்டுப் பயணிகள் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள்!

கருவிகள் மாறிவிட்டன. ஆனால் அடிப்படை விதி மாறவில்லை. ராசிபுரம் பாதையில் நீங்கள் பார்க்கும் பச்சை விளக்கு சொல்வதும் அந்தப் பந்து சொன்னதைத்தான்: 'இங்கிருந்து அடுத்த நிலையம் வரை பாதை உனக்கு மட்டும்தான். தைரியமாகப் போ!'

விளையாடிப் பார்ப்போமா?

பள்ளி மைதானத்தில் இருபது அடி நீளத்துக்கு ஒருவர் மட்டும் போகும்படி இரண்டு கோடுகள் போடுங்கள். இதுதான் ஒற்றைப் பாதை. இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டர். மீதிப் பேர் ரயில்கள். பாதிப் பேர் ஒரு முனையில், பாதிப் பேர் மறுமுனையில்.

முதல் சுற்றில் ஸ்டேஷன் மாஸ்டர்கள் இருவரும் முதுகைக் காட்டி நின்று, சத்தம் போட்டு மட்டுமே பேசிக்கொள்ள வேண்டும். சுற்றி நிற்பவர்கள் 'கூ... சுக்குபுக்கு' என்று கத்தலாம். 'அனுப்பலாமா?' 'அனுப்பாதே!' இதெல்லாம் எப்படிக் காதில் விழுகிறது என்று பாருங்கள். எத்தனை 'மோதல்' என்று எண்ணுங்கள்.

இரண்டாவது சுற்றில் ஒரே ஒரு ரிங்பால் வளையம். வளையம் கையில் இருப்பவர் மட்டுமே பாதையில் நடக்கலாம். மறுமுனை ஸ்டேஷன் மாஸ்டரிடம் அதைக் கொடுத்துவிட வேண்டும். இப்போது எத்தனை மோதல்? எவ்வளவு கத்தினாலும் பூஜ்யம்தான்!

ஒரு புதிர்: ஒரே பக்கத்திலிருந்து இரண்டு பேர் அடுத்தடுத்துப் போகவேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? விடை இந்தக் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது. கண்டுபிடித்துவிட்டால் நீங்களும் ஒரு குட்டி எட்வர்டு டயர்தான்!

ஒரு முக்கியமான விஷயம், குட்டீஸ். இந்த விளையாட்டு மைதானத்துக்கு மட்டும். தண்டவாளத்தின் பக்கம் போய் எதையும் முயற்சி செய்யவே கூடாது. ரயிலால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது என்று இப்போது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியுமே!

வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால், மீட்டர் கேஜ் ரயிலில் போனபோது பிரம்பு வளையம் மாற்றுவதைப் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அடுத்த முறை 'கிராசிங்'குக்காக உங்கள் வண்டி நின்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு இந்தப் பந்தின் கதையைச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் எதிர்வண்டி வந்துவிடும்!